குடை பிடித்த பாலைவனத் துறவி

பதினொரு வயதில் நான் ஒரு புனிதரை உண்டாக்கினேன். ரோமாபுரியில் அதற்கு எத்தனையோ வருடங்களும் விசாரணைகளும் அற்புதங்களும் தேவைப்படுமாம். கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு மழையும் ஒரு திரீவீலரும் போதுமாயிருந்தன.

அப்போது நாங்களும் பெரியம்மா குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தோம். அவர்கள் கீழே, நாங்கள் மேலே. அம்மாவின் அக்காவான பெரியம்மாவுக்கு எங்கள் கோவில் பங்கில் ஒரு பதவி இருந்தது. யாரும் கொடுத்த பதவியல்ல, அவராகவே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் காலை ஐந்தரைக்குப் பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அன்றைய திருப்பலி வாசகங்களை அனுப்புவார். முதலாம் வாசகம் எது, பதிலுரைப் பாடல் எது, நற்செய்தி எது, மனதில் வைத்திருக்க ஒரு வசனம், கடைசியில் ‘இன்றைய புனிதர் மொழி’. வெள்ளவத்தைக்கு வீடு மாறிப் போனவர்களும் ஹெந்தளையில் கலியாணம் முடித்துக் குடியேறியவர்களும்கூட அந்தக் குழுவை விட்டு விலகவில்லை. பத்து நிமிடம் பிந்தினால் போதும், ‘அக்கா, சுகமில்லையா?’ என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

ஆனால் மகள் வாங்கிக் கொடுத்த அந்தப் புதுப் போன் பெரியம்மாவின் விரலுக்கு அடங்கவில்லை. ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து வந்து நிற்கும். ஆகவே எழுதுவது என் வேலையாயிற்று. மாலையில் செபமாலை முடிந்ததும் அவர் திருவழிபாட்டு நாட்காட்டியைப் பார்த்து அடுத்த நாளைக்கான வாசகங்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பிறகு அவர் இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் பிழியக் குசினிக்குள் போய்விடுவார். புனிதர் மொழியை மட்டும் நானே ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதவேண்டும். நாளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு புனிதர். காலையில் அனுப்பும் பொத்தானை அமத்துவது பெரியம்மா. அந்த ஒன்றில் மட்டும் அவர் விரல் தவறியதேயில்லை.

அந்தப் புத்தகம் வீட்டுப் பீடத்தின் கீழ், இழுத்துத் திறக்கும் லாச்சியில் இருக்கும். அதை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது பெரியம்மாவின் கட்டளை. பெரியம்மா பொய்யும் சொல்லமாட்டார், சொல்பவரையும் விடமாட்டார். செபமாலையில் ஒரு மணியைத் தாண்டினாலே முதலிலிருந்து சொல்லவைப்பவர். அப்படிப்பட்டவரின் புத்தகத்தைத்தான் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு நான் மறைக்கல்வி வகுப்புக்குத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோனேன். வாட்ஸ்அப் செய்தி எழுதுவது நான்தான் என்று சொன்னதை ஒரு சினேகிதி நம்பவில்லை. அவளுக்கு அத்தாட்சி காட்டவேண்டியிருந்தது.

காட்டினேன், அவளும் நம்பினாள். திரும்பும்போது கொட்டும் மழை. கூட்டிப்போக வந்திருந்த அம்மா கையைக் காட்டி ஒரு திரீவீலரை மறித்தார். அம்மாவின் கண்ணில் படாதபடி புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் இறங்கி ஒரே குடைக்குள் இரண்டு பேரும் உள்ளே ஓடினோம். புத்தகம் திரீவீலரோடு போய்விட்டது.

அன்று மாலை வாசகங்களைச் சொல்லி முடித்துப் பெரியம்மா குசினிக்குள் போனதும் புனிதர் மொழிக்கான இடம் வெறுமையாக நின்றது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய தைரியம் அன்று முழு வீட்டிலும் இல்லை, என்னிடம் எங்கிருந்து வரும்? ஜனவரியில் அம்மா என் பாடப் புத்தகங்களுக்குப் பழுப்புத்தாள் உறை போட்டபோது, மிச்சமிருந்த தாளில் அந்தப் புத்தகத்துக்கும் போட்டிருந்தார். ஆகவே வரலாற்றுப் புத்தகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து எழுதுவதுபோல் எழுதினேன்: ‘மழைக்கு முன் குடையைத் தேடுகிறவன் கெட்டிக்காரன். மழைக்குள் தன் குடையில் இன்னொருவனுக்கு இடம் விடுகிறவன் கடவுளின் பிள்ளை.’

யார் சொன்னதாகப் போடுவது? பெரிய புனிதர்களின் பெயரைத் தொடப் பயமாக இருந்தது. அவர்களுக்குக் கோவில் இருக்கிறது, திருநாள் இருக்கிறது, கேள்வி கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். புத்தகத்தில் இடைக்கிடை ‘பாலைவனத்துத் துறவி ஒருவர்’ என்று பெயரில்லாமல் ஒருவர் வருவார். அவர் தலையில் போட்டேன்.

அடுத்த நாள் குழுவில் கூப்பிய கைகளும் ஆமென்களும் வரிசையாக விழுந்தன. பாலைவனத்தில் குடைக்கு என்ன வேலை என்று வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டார். வெயிலுக்கும் குடை பிடிக்கலாம்தானே என்று வேறொருவர் எனக்காக வாதாடினார். அந்த வரியில் மழை என்றே எழுதியிருந்தது என்பதை இருவரும் மறந்துவிட்டார்கள்.

எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. துறவி ஒவ்வொரு நாளும் பேசத் தொடங்கினார். வரிசையில் இடையில் புகுகிறவனைப் பற்றி, இன்னொருவரின் பென்சிலைத் திருப்பிக் கொடுக்காதவனைப் பற்றி, கணக்குப் பாடத்தைப் போல முதலில் கசந்து பிறகும் கசக்கிற காரியங்களைப் பற்றியெல்லாம் அவருக்குக் கருத்திருந்தது. அவருடைய திருநாள் எப்போது என்று ஒருவர் விசாரித்தார். அதைவிட, பங்குத் தந்தை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் குடையை எடுத்துப் பேசினார். நான் பெஞ்சுக்குக் கீழே ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆனால் துறவிக்குக் கிடைத்த உண்மையான அடியார் பெரியப்பாதான்.

பெரியப்பா புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதினார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். காலையில் தேத்தண்ணியோடு அந்தச் செய்தியை வாசிப்பதுதான் ஞாயிறு தவிர்ந்த நாட்களில் அவருடைய முழுப் பக்தியும். அவருடைய இருதயத்தில் அடைப்பு இருப்பதாகவும் ஒப்பரேசன் செய்தே ஆகவேண்டும் என்றும் டொக்டர் சொல்லி ஆறு மாதமாகியிருந்தது. பெரியப்பா அசையவில்லை. முதலில் கடையில் இருப்பெடுக்க வேண்டும் என்றார். பிறகு மழைக்காலம் முடியட்டும் என்றார், பிறகு பேரப்பிள்ளையின் ஞானஸ்நானம். ஆக்கள் மிகவும் நெருக்கினால் எழுந்து போய்க் கேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் மாடிக்கு வரும்போது படியில் பாதியில் நின்று, சுவரில் ஏதோ இருப்பதுபோல் பார்ப்பார். இப்படியே விட்டால் அடுத்த நத்தார்ப் பண்டிகைக்கு மனிசன் இருப்பாரோ தெரியாது என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. எனக்குப் பெரியப்பாவைப் பிடிக்கும். வெள்ளிக்கிழமைகளில் எனக்கென்று கச்சான் கடலை வாங்கிவருவது அவர் மட்டும்தான்.

குடை வந்த காலையில் அவர் சிரித்தாராம். அந்த வீட்டில் அது பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அதற்குப் பிறகு கண்ணாடியைத் தேடுமுன் துறவியைத் தேடினார்.

தவக்காலத்தின் நாலாம் ஞாயிறு கழிந்த ஒரு மாலை. வாசகங்கள் எழுதி முடிந்துவிட்டன. பெரியம்மா குசினி வாசலில் நின்று, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி சொன்னார்:

“நாளைக்குப் பயத்தைப் பற்றி ஏதும் இருந்தா போடு பிள்ளை. அந்தப் பாலைவனத்து மனிசன் சொன்னதா இருந்தா நல்லம்.”

ஓம் என்றேன். பயம் என்றால் எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான், பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட்ட நாள். அதிபரின் அறை வாசலில் வரிசையாக நின்றபோது எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது, பக்கத்தில் நின்றவள் வாந்தியே எடுத்தாள். உள்ளே போனால் ஒரு நொடி, ஓர் எறும்புக் கடி, முடிந்துவிட்டது. வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு எழுதினேன்: ‘பயம் வாசலில்தான் நிற்கும். உள்ளே போகிறவனோடு அது கூட வராது.’

காலையில் பள்ளிக்கூடம் போக நான் இறங்கி வந்தபோது பெரியப்பா மேசையில் இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. செய்தியை மூன்றாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தாராம்.

“மனிசன் சரியாத்தான் சொல்லியிருக்கிறார்,” என்றார். “ஆறு மாசமா நான் வாசல்லயே நிக்கிறன்.” பிறகு பெரியம்மாவைப் பார்த்து, “அந்த ரிப்போட்டுகளை எடு. இண்டைக்கு டொக்டரிட்டப் போவம்,” என்றார்.

அம்மா மேலேயிருந்து ஓடிவந்தார். பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீடே மகிழ்ந்த அந்த நேரத்தில் நான் மட்டும் புத்தகப் பையோடு கடைசிப் படியிலேயே நின்றேன். ஒரு புனிதரின் வார்த்தையை நம்பி ஒரு மனிதர் நெஞ்சைக் கிழிக்கக் கொடுக்கப் போகிறார். அந்தப் புனிதரோ ஆறாம் ஆண்டு ‘பி’ வகுப்பில் இருக்கிறார்.

ஒப்பரேசனுக்கு இரண்டு வாரத்தில் நாள் குறித்தார்கள். பெரியப்பா அந்த வரியை ஒரு சுரூபப் படத்தின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார், அதுவும் என்னிடமே. எழுதினேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு ஏதாவது நடந்தால் கொலைகாரி நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. துறவியும் வாயை மூடிக்கொண்டார். முந்தைய வருடத்துச் செய்திகளைத் தேடி எடுத்து, அதிலிருந்த உண்மையான புனிதர்களையே திரும்பவும் போட்டேன்.

சனிக்கிழமை பங்குத் தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கமான சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு, புனிதர் சொன்னதாகப் பொய் எழுதினேன் என்றேன். எந்தப் புனிதர் என்று பாதர் கேட்டார். பாலைவனத்துத் துறவி என்றேன். மறைப்புக்கு அந்தப் பக்கம் கதிரை கிறீச்சிட்டது.

“குடையுமா?” என்றார்.

“ஓம் பாதர்.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பெரியப்பாவின் கதையையும் அழுதழுது சொன்னேன். ஒப்பரேசன் தேவை என்று சொன்னது டொக்டர்தான், நான் அல்ல என்பதை அவர் இரண்டு தடவை எனக்குச் சொன்னார். மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லவேண்டும், பெரியப்பா சுகமாகி வீடு வந்ததும் பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்லவேண்டும், அதுதான் தண்டனை. பிரசங்கத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் முன்னூறு தடவை சொன்னேன். மூன்று போதும் என்று நம்ப எனக்கு வழியிருக்கவில்லை.

ஒப்பரேசன் நாளன்று பள்ளிக்கூடத்தில் ஒன்றும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து, சீருடையையும் மாற்றாமல் அம்மாவின் போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். நாலு மணி தாண்டி அது அடித்தது. அம்மா எடுத்தார், கேட்டார், அப்படியே கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “முடிஞ்சுதாம். நல்லா இருக்கிறாராம்,” என்றார்.

நான் வீரிட்டு அழுதேன். பெரியப்பாமேல் இவ்வளவு பாசமா என்று அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதி அழுகை தூக்குமேடையிலிருந்து இறக்கிவிடப்பட்டவளுடையது. அன்று நான் சாப்பிட்ட இடியப்பத்துக்குக் கணக்கில்லை. அவ்வளவு ருசியான இடியப்பம் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவுமில்லை.

பெரியப்பா வீடு வந்த மூன்றாம் நாள், தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். புத்தகம் தொலைந்தது, துறவி நான்தான், குடை, பயம், வாசல் எல்லாம். கண்ணை மூடிக்கொண்டு அடிக்குக் காத்திருந்தேன். துருவும் சத்தம் நிற்கவேயில்லை.

“சரி,” என்றார். “இனி நான் சொல்லுறதை எழுது. இதைப் பெரியப்பாவுக்குச் சொல்லாத. அவருக்கு அந்த மனிசனில நல்ல நம்பிக்கை.”

அவ்வளவுதான். ஒரு மணி தாண்டினால் முழுச் செபமாலையையும் திரும்பச் சொல்லவைக்கிற பெரியம்மா ஒரு முழுப் புனிதரையே மன்னித்துவிட்டார். கணவர் பிழைத்த சந்தோசம் என்று நினைத்துக்கொண்டு தப்பி ஓடினேன்.

போன வருடம் பெரியம்மாவும் பெரியப்பாவும் ஹெந்தளையில் மகள் வீட்டுக்குக் குடிபோனார்கள். சாமான் கட்ட உதவிக்குப் போயிருந்தேன். அலுமாரியின் அடித்தட்டில், கூறைச் சேலைக்குக் கீழே, பழுப்புத்தாள் உறை போட்ட ஒரு புத்தகம் இருந்தது. உறையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இது எப்போது கிடைத்தது என்று கேட்டேன்.

“அடுத்த நாளே. முன்பக்கத்தில என்ர பேரும் விலாசமும் இருந்ததெண்டு அந்தத் திரீவீல்காரப் பொடியன் தேடிக்கொண்டு வந்து தந்தவன்,” என்றார் பெரியம்மா, பீங்கான்களைப் பேப்பரில் சுற்றியபடி. “அண்டைக்கு உன்னை வெளுக்கத்தான் இருந்தனான். ஆனா காலமை அவர் சிரிச்சவர்தானே. பிறகு நீ சரித்திரப் புத்தகத்தைப் பாத்துப் பாத்து எழுதுறதைக் குசினிக்குள்ள நிண்டு பாப்பன்.”

நாளுக்கு ஒரு பக்கம் உள்ள புத்தகத்தில் பயத்தைப் பற்றி ஏதும் இருக்கிறதா என்று கேட்க என்ன இருக்கிறது? கேட்டதை எடுத்துத் தர அது கடையா? பதினொரு வயதில் அது எனக்குத் தோன்றவேயில்லை. வாழ்நாளில் ஒரு பொய்யும் சொல்லாத பெரியம்மா, அன்று எனக்கு ஒன்றை எழுதக் கொடுத்துவிட்டுத்தான் இடியப்பம் பிழியப் போயிருக்கிறார்.

பக்கங்களைப் புரட்டினேன். ஒப்பரேசன் நாளின் பக்கத்தில், அச்சிட்ட புனிதரின் வாக்கியத்துக்குக் கீழே, பெரியம்மாவின் சரிந்த கையெழுத்தில் என் வரி இருந்தது. செபப் புத்தகத்தின் அச்சுப் பக்கங்களில் பேனை படக்கூடாது என்பது அவருடைய இன்னொரு கட்டளை. இதை எப்போது எழுதினீர்கள் என்றேன்.

“அவரை உள்ள கொண்டு போனாப் பிறகு,” என்றார். “அஞ்சு மணித்தியாலம் அந்தக் கதவுக்கு முன்னால இருந்தனான் பிள்ளை. வேற என்ன செய்ய?”

பயம் வாசலில் நிற்கும் என்று நான் எழுதியது சரிதான். உள்ளே போன பெரியப்பாவைப் பற்றித்தான் அன்று முழுவதும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாசலில் பயத்தோடு யார் இருப்பார்கள் என்று நான் யோசிக்கவேயில்லை.