ஐயம்பேட்டையில் விசை என்றால் கரண்டு

சிங்கப்பூரிலும் ஜப்பானிலும் அறிவியல் ஆசிரியர்களை எப்படிப் பயிற்றுவிக்கிறார்கள் என்று முதுகலை ஆய்வுக்காக ஆறு மாதம் படித்தேன். நம் ஊர்ப் பயிற்சியை ஒருநாள்கூட நேரில் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தோழி கலைவாணிக்கு பி.எட். செய்முறைத் தேர்வு. ஐயம்பேட்டைப் பள்ளியில் வகுப்பெடுக்க வேண்டும். தேறாவிட்டால் ஓராண்டு போச்சு. நானும் கிளம்பிவிட்டேன்.

தாம்பரத்தில் 6.10க்குப் பேருந்து, வாலாஜாபாத்துக்கு 45 ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

“கோயிலுக்குப் போவாம இங்க எறங்கி இன்னாபா பண்ணப் போற?” என்றார் ஓட்டுநர்.

“ஆறாங்கிளாஸ்ல உக்காரப் போறேண்ணா.”

“அப்பவே பாஸாகலியா?”

பள்ளி வாசலில் கலைவாணி, பாடத்துக்காகத் தெர்மாகோலில் செய்த மாதிரியோடு நின்றிருந்தாள். சிங்கப்பூரில் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு. இங்கே இவள் கட்டணமும் கட்டி, தெர்மாகோலும் வாங்கி, பாதி நாளை ரெக்கார்டு நோட்டில் கோடு போட்டே கழித்திருக்கிறாள். ஆசிரியரை உருவாக்கும் லட்சணம் இது.

பத்து மணிக்கு வகுப்பு. கடைசி பெஞ்சில் நானும் தேர்வாளரான பேராசிரியையும்.

“விசைன்னா என்ன?” என்று கேட்டாள் கலைவாணி.

“கரண்டு மிஸ்,” என்றாள் புவனா என்ற சிறுமி. “விசைத்தறி கரண்டுல தான ஓடுது? எங்கூட்ல கைத்தறி. அதுல விசை இல்ல.”

கலைவாணியின் குறிப்பில் இருந்த ஒரே விடை, ‘தள்ளுதல் அல்லது இழுத்தல்’. ஜப்பானில் பிள்ளைகள் எப்படியெல்லாம் பதில் சொல்வார்கள் என்று ஆசிரியர்கள் கூடிப்பேசி முன்கூட்டியே எழுதிவைக்கிறார்கள். இவளுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? கலைவாணி தெர்மாகோலை ஓரமாக வைத்தாள்.

“அப்ப உங்க தறி எப்படி ஓடுது?”

“எங்கப்பா மிதிச்சிக்கினே இருப்பாரு மிஸ்.”

“மிதிக்கறதுன்னா?”

“கால்ல கீழ தள்றது…” கலைவாணி பலகையில் ‘விசை: தள்ளுதல், இழுத்தல்’ என்று எழுதவும் புவனா நிறுத்தினாள். “ஐய, அதுவும் விசையா?”

வகுப்பே சிரித்தது.

“இது உன் லெசன் பிளான்ல இல்லியேமா,” என்றார் பேராசிரியை, வகுப்பு முடிந்ததும்.

“இல்ல மேடம். இப்படிச் சொல்வாங்கன்னு தெரியாது.”

“இப்பத் தெரியுதில்ல, எழுதிச் சேரு.” அவள் சேர்த்த வரிகளுக்குக் கீழே கையெழுத்திட்டார். தேறிவிட்டாள். அந்தப் பக்கத்தை நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் பழைய பேப்பர் கடைக்குத்தான் போயிருக்கும்.

இப்படி வகுப்புப் பார்க்கப் போகிறவர்கள் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பக்கத்து ஊர்க் கோயில்களை மாலையில் பார்த்துக்கொள்ளலாம். காலில் நல்ல செருப்பு இருக்கட்டும். திரும்பும்போது அதே ஆட்டோ கிளம்பவில்லை, நானும் கலைவாணியும் இறங்கித் தள்ளினோம்.

பள்ளி வாசலிலிருந்து புவனாவின் குரல் கேட்டது: “தோ பாருடி, மிஸ்ஸு கரண்டு இல்லாமலே ஓட்றாங்க.”