வாப்பாவுக்கு இரண்டு குழிகள்

வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்து மூன்று மாதமாகிறது. ஊரில் யாரைக் கேட்டாலும் "நல்ல மனிசன்" என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் யார் எதைக் கேட்டாலும் "ஓம்" என்று சொல்லிவிடுகிற ஒரு மனிதருக்குப் பிள்ளையாக ஐம்பத்தைந்து வருஷம் இருந்து பார்த்தால்தான் அதிலுள்ள வில்லங்கம் தெரியும்.

வாப்பா கடலோரத்து ஊரான ஒலுவிலில் பிறந்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்த கையோடு உம்மாவின் வீட்டுக்கு, கல்முனைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்துவிட்டார். நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்தார். என் தங்கைகள் மூவருக்கும் வீடு கட்டிக் கொடுத்து, ஒவ்வொரு கலியாணத்துக்குப் பிறகும் உம்மாவைக் கூட்டிக்கொண்டு முந்தியதைவிடச் சின்ன வீட்டுக்கு மாறினார். மிச்ச நேரமெல்லாம் ஊருக்குத்தான். வாய்க்கால் துப்புரவாக்கவோ, ஆஸ்பத்திரியில் ஆளில்லாத நோயாளிக்குத் துணையிருக்கவோ, மையத்துக்குக் குழி வெட்டவோ யாரும் அவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. முன்னாலேயே நிற்பார். ஒரே பகலில் இரண்டு கலியாண வீட்டுக்கு ஓம் சொல்லிவிட்டு, ஒரு வீட்டில் ஐந்தாறு பேரோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து அரை வயிறு தின்று, கை கழுவி, அடுத்த வீட்டுச் சஹனில் போய் இடம் பிடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேட்டால், "அவங்களும் ஆசையாத்தானே கூப்பிட்டாங்க" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் ஓம் சொன்ன ஒன்றை அவர் செய்யாமல் விட்டதை நான் கண்டதில்லை.

அன்று விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, படுத்த இடத்திலேயே அவர் உயிர் போய்விட்டது. நான் என் மனைவியின் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டிருந்தார்கள். ஒலுவில் பள்ளியிலும் அறிவித்தார்களாம். பத்து மணி போல, வாப்பாவோடு குழி வெட்டுகிற கூட்டாளி வந்து, "குழி ரெடி தம்பி, பகல் லுஹர் தொழுகையோட எடுப்பம்" என்றார். சரி என்றேன். அவர் வாசல் படலையைத் தாண்டியிருக்க மாட்டார், என் போன் அடித்தது. ஒலுவிலில் இருக்கும் என் மாமியின் மகன்.

"மச்சான், இங்க குழி வெட்டியாச்சு. வாப்பாவ எத்தின மணிக்குக் கொண்டு வாறீங்க?"

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. போனை மாமி வாங்கினார். வாப்பாவின் மூத்த சகோதரி, எண்பத்தாறு வயது. "என்ட தம்பி எனக்கு ஓம் எண்டவன் மகன். எங்கட உம்மாக்குப் பக்கத்துல எனக்கும் அவனுக்கும் இடம். போன பெருநாளைக்கும் கேட்டனான். ஓம் ராத்தா எண்டவன்."

உள்ளே போய் உம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். உம்மா தலை நிமிரவில்லை. "எனக்கும்தான் ஓம் எண்டவர். புள்ளைகள் வெள்ளிக்கிழமையில வந்து பாக்கிற மாதிரி இங்கயே கிடப்பன் எண்டவர்." பிறகு, "நீங்கதான் மூத்தவர், பாத்துச் செய்யுங்க" என்றார்.

என்னத்தைப் பார்ப்பது? வாழ்நாளில் வாக்குத் தவறாத மனிதர். எந்தக் குழியில் வைத்தாலும் மற்ற வாக்கை உடைப்பது நானாகத்தான் இருப்பேன். மையத்தைக் குளிப்பாட்டும்போது அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கோபப்பட்டேன். கோபமா, அழுகையா என்று எனக்கே விளங்கவில்லை. கபன் துணி சுற்றி முடியும் வரைக்கும் ஒரு முடிவுக்கு வர முடியாமல் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் முடிவெடுத்தது நானல்ல. லுஹர் பாங்கு கேட்டது. ஆட்கள் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்கி எங்கள் ஊர்ப் பள்ளியை நோக்கி நடந்தார்கள். நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் ஒரு தோள் கொடுத்தேன். தொழுகை முடிந்து அடக்கம் செய்ய மையவாடிக்குப் போகிற வழியில் மாமிக்குப் போன் எடுத்து, ஒலுவிலில் கடல் கரையை அரிக்கிறது, நாளைக்கு மையவாடி என்னாகுமோ என்று உளறினேன். அந்த மையவாடிக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று மாமிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "சரி மகன்" என்று போனை வைத்துவிட்டார். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் மச்சான் திரும்பவும் எடுத்தார். வெட்டின குழியை வெறுமனே விட்டுவைக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்களாம். "நாங்க மூடிருவம், நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க" என்றார். இல்லை, நான் வருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஒலுவில் மையவாடியில், வாப்பாவின் உம்மாவுடைய கபுறுக்குப் பக்கத்தில் அந்தக் குழி இருந்தது. ஓரமெல்லாம் நேராகச் செதுக்கி, அடியில் மண்ணைச் சமப்படுத்தி, நல்ல வேலை செய்திருந்தார்கள். நான் குனிந்து மூன்று பிடி மண் அள்ளிப் போட்டு, மையத்துக்கு ஓதுகிற குர்ஆன் ஆயத்தை ஓதிவிட்டேன். மச்சான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே யாருமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பகல் வாப்பாவை மண்ணுக்குள் வைத்தபோது வராத அழுகை அங்கே வந்தது. மண்வெட்டியை எடுத்துக் குழியை மூடியது மச்சான்தான்.

மாமி மதிலுக்கு வெளியே ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தார்.

"மூடிட்டீங்களா மகன்?"

"ஓம் மாமி. என்னைப் பொறுத்துக்கொள்ளுங்க. வாப்பா உங்களுக்குத் தந்த வாக்க நான் முறிச்சுப் போட்டன்."

"நீங்க என்ன முறிச்சீங்க. அவன் வரமாட்டான் எண்டு எனக்குத் தெரியும். பொஞ்சாதி புள்ளைகள விட்டுட்டு ஒரு ராவு இங்க தங்கினவனா? என்ட மனம் நோகக் கூடாதெண்டு ஓம் எண்டவன்."

"தெரிஞ்ச பிறகு ஏன் மாமி குழி வெட்டச் சொன்னீங்க?"

மாமி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"தப்பித் தவறி வந்திட்டானெண்டா? வாற நேரம் என்ட தம்பி இடமில்லாம நிக்கக் கூடாதே மகன்."