படுக்கையோரச் சுவர்

அப்பாவை எடுத்த மறுநாளே வீட்டுக்காரம்மா சுவரைப் பற்றிப் பேச வந்துவிட்டார்.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதார். பொய்யழுகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணைத் துடைத்த அதே கையால் அப்பா படுத்திருந்த மூலையைக் காட்டினார்.

"அம்மாவ உன்னோட கூட்டிட்டுப் போறியாமே. நல்லதும்மா. ஞாயித்துக்கிழமை வீடு பாக்க ஆள் வருது. அதுக்குள்ள அந்தக் கறைய மட்டும் மறைச்சுக் குடுத்துடேன். வெள்ளை இருந்தா ஒரே மூச்சுல முடிச்சிருப்பாரு."

வெள்ளை என்பது அப்பா. பெயின்டர். ஆள் நல்ல கறுப்பு. வேலை முடிந்து வரும்போது புருவம்வரை சுவரில் பூசித் தேய்க்கும் பட்டியின் தூசி அப்பியிருக்கும். தெருவே அப்படிக் கூப்பிட்டது. "வேலைக்குப் போனாத்தான் வெள்ளை. குளிச்சா பழைய ஆளு" என்பார் அப்பா.

ஒரே மூச்சு. கடைசியில் அவருக்கு வாசலிலிருந்து கட்டில்வரை வருவதற்கு ஒரே மூச்சு போதவில்லை.

எங்களுடையது வரிசை வீடுகளில் கடைசி. ஒரு வீட்டுக்கு ஓர் அறை, அதன் பின்னால் சமையலுக்கு ஒரு பொந்து, அதற்கும் பின்னால் சாக்கடை. மேட்டுத் தெருவில் பெய்கிற மழையெல்லாம் இறங்கி வந்து நிற்கும் பள்ளம் இது. அந்தப் பள்ளத்தில், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவராக வைத்து, வரிசையைக் கட்டியிருக்கிறார்கள்.

நான் கட்டடங்களின் தரத்தைச் சோதிக்கிறவள். சுவரில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் சிறிய கருவி எப்போதும் என் பையில் இருக்கும். அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்க ஓர் அடுக்கு போட வேண்டும். இங்கே போடவில்லை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் மண்ணிலிருக்கும் தண்ணீரை இழுக்கிறது. இதில் மர்மம் ஒன்றுமில்லை. கஞ்சத்தனம்தான்.

வரிசையில் எந்த வீடு காலியானாலும் வீட்டுக்காரம்மா அப்பாவைத்தான் கூப்பிடுவார். உப்பிய பெயின்ட்டைச் சுரண்டி, பட்டி பார்த்து, மேலே பளபளவென்று எனாமல் அடிப்பார் அப்பா. புதிதாக வருகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து வருவார்கள். முதல் மழைக்குச் சுவர் மறுபடி உப்பும்.

எங்கள் வீட்டுக்கும் அதே வைத்தியம்தான். மேட்டுத் தெரு வேலைகளில் மிஞ்சியதைக் கொண்டுவந்து அடிப்பார். எங்கள் சுவரைப் பார்த்தால் அந்த வருஷம் மேலே எந்த நிறம் எடுபட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் எனாமல் ஈரத்தை வெளியே விடாது. போக வழியில்லாத ஈரம் மேலே ஏறியது. முதலில் முழங்கால் உயரம். பிறகு கட்டில் உயரம். பிறகு தலையணை.

இனி அடிக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்.

"இன்ஜினியரம்மா சொன்னா சரிதான். அடிக்காம விட்டா என்ன ஆகும்?"

"பூஞ்சை வெளிய தெரியும்."

"தெரிஞ்சா?"

"வீட்டுக்காரம்மா ஆள வச்சு சரிபண்ணணும்."

சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அவங்க சரிபண்ணக் கூப்பிடற ஆளே நான்தானம்மா!"

என்னோடு வந்துவிடச் சொன்னேன். அவருக்கு வேலை எல்லாம் இங்கே மேட்டுத் தெருவில். "ஏணிய பஸ்ல ஏத்துவானா கண்டக்டர்?" என்று கேட்டார்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"பழக்கம் ஏதாவது உண்டா?"

"காலையில எந்திரிக்கற பழக்கம் இருக்குங்க."

"சிகரெட், பீடி?"

"நாத்தமே ஆகாது."

டாக்டர் நல்லவர்தான். ஈரம் படாமல், தூசி படாமல், காற்றோட்டமாக இருக்கச் சொன்னார். அப்பா மருந்துச் சீட்டை எட்டிப் பார்த்தார். "அப்படியே ஒரு வீட்டையும் எழுதிடுங்க டாக்டர். மூணு வேளைக்கு." டாக்டரும் சிரித்தார். இன்ஹேலர் எழுதினார்.

வெளியே பெஞ்சில் எங்கள் வரிசையே உட்கார்ந்திருந்தது. அடுத்த வீட்டுத் தையல்காரக்கா, அவர் பேத்தி, அதற்கடுத்த வீட்டு வாட்ச்மேன். ஒவ்வொருவராக உள்ளே போய் ஒவ்வொரு சீட்டோடு வெளியே வந்தார்கள். பழக்கம் உண்டா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். எங்கே படுக்கிறீர்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. ஈரச் சுவர் செய்கிற கெடுதலுக்கு மனிதனின் பழக்கத்தைக் குறை சொல்வது எவ்வளவு சுலபம்! சிரித்துப் பேசுகிற அப்பாவிடமிருந்து இருமல் முதலில் சிரிப்பை எடுத்தது. அப்புறம் பேச்சை.

சனிக்கிழமை கட்டிலை நகர்த்தினேன். அப்பா பெயின்ட் சுரண்டும் தகட்டை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். மறைக்க அல்ல.

அம்மா ஓடி வந்தார். "ஏண்டி! உங்கப்பா கையால அடிச்சதுடி அது!"

கை நின்றுவிட்டது. நீலம் பாதி உரிந்திருந்தது. அதன் கீழே சந்தன நிறம், அதன் கீழே பச்சை. எல்லாவற்றுக்கும் கீழே, ஊறிய பிஸ்கட் போலப் பூச்சு. கரிக்கறுப்பாகப் பூஞ்சை. அப்பாவின் முகம் இருந்த இடம் அது.

அம்மா குனிந்து அதைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து வைத்தார். "நனைச்சுட்டுச் சுரண்டு. அந்த மனுஷன் தின்ன தூசி போதும்."

ஞாயிறன்று வீட்டுக்காரம்மா ஓர் இளம் தம்பதியோடு வந்தார். அந்தப் பெண்ணின் தோளில் கைக்குழந்தை.

"அடிப்பாவி! என்ன வேலடி பண்ணி வச்சிருக்க?"

"கறையக் காட்டியிருக்கேன்."

"இத்தன வருஷம் இங்கதானே குடித்தனம் பண்ணீங்க? அப்பக் கசக்கலையா?"

"கசந்துச்சு. துப்ப இடமில்ல."

"பெத்தவன் போன துக்கத்துல ஏதோ உளறுது" என்றார் வந்தவர்களிடம்.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கருவியைச் சுவரில் வைத்தேன். அது கத்தியது. "ஈரம் இருந்தா இப்படித்தான் கத்தும். என்ன பெயின்ட் அடிச்சாலும் இது காயாது. எங்கப்பா இதுக்குப் பக்கத்துலதான் படுத்தார். பிள்ளையோட இங்க வராதீங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் சுமைதூக்குகிறவனாக இருக்க வேண்டும், தோளில் காய்ப்பு. சுவரைத் தொட்டுப் பார்த்தான். விரலைச் சட்டையில் துடைத்தான்.

"இப்ப மொட்டைமாடியில தகரக் கொட்டாய்லதான் இருக்கோம்க்கா. பகல்ல அடுப்பு மாதிரி கொதிக்குது. பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். இங்க நிழலாவது இருக்கே" என்றான்.

"கேட்டியா?" என்றார் வீட்டுக்காரம்மா.

கேட்டேன். இதைத்தான் விருப்பம் என்று சொல்வார்கள். வேகிற வீடு ஒன்று, ஊறுகிற வீடு ஒன்று. அவர்களாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நாளை யாராவது ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்வார்கள்.

அந்தப் பெண் என் அருகில் வந்தாள். "எந்தச் சுவர்க்கா பரவால்ல? பிள்ளையப் போட?"

நான்கு சுவர்களிலும் கருவியை வைத்தேன். நான்கிலும் கத்தியது. கதவுப் பக்கம் மட்டும் கொஞ்சம் மெதுவாக.

"கதவுப் பக்கம். சுவர ஒட்டாம. பெயின்ட் அடிக்க ஆள் வந்தா விடாதீங்க."

வீட்டுக்காரம்மா அதற்குள் போனில் வேறொரு பெயின்டரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா மூட்டையோடு வாசலில் நின்றார். "வண்டி வந்துடுச்சு. வா, போலாம்."

"நிக்கச் சொல்லும்மா."

கருவியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். தையல்காரக்கா இருமிக்கொண்டே திறந்தார். "என்ன கண்ணு, சொல்லிட்டுப் போக வந்தியா?"

"இல்லக்கா. ஒவ்வொரு வீடா அளக்கப் போறேன். வரிசை மொத்தமும் சேர்ந்து டாக்டர்கிட்டயும் நகராட்சிக்கும் போவோம்." கருவியை உயர்த்திக் காட்டினேன். "நீங்க எந்தச் சுவரோரம் படுக்கறீங்க?"