சோதினைக்குப் போன வெங்காயம்

கணக்குக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டுத்தான் நான் உயிரியல் படிக்கப் போனேன். தவளையை வெட்டச் சொன்னால் வெட்டுவேன். தசமப் புள்ளியைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும். அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது. வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்று என்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஆனால் புள்ளிவிபரவியலில் ஒரு பாடநெறி படித்துத் தேறியதற்கான அத்தாட்சிப் பத்திரம் மூன்று மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். இல்லாவிட்டால் இடம் இல்லை.

"காய்ச்சல்காரன்ரை கையைப் பிடிச்சுப் பாக்கிறதுக்கு உது என்னத்துக்கடி?" என்றார் அம்மா.

எனக்கும் விளங்கவில்லை. சுன்னாகத்தில் தனியார் வகுப்பு நடத்தும் ஒரு ரியூட்டரியில் சேர்ந்தேன். வர்த்தகம் படிக்கும் பெடியன்கள் நாற்பது பேர், பெண் என்று நான் ஒருத்தி. படிப்பித்த ரீச்சர் அப்போதுதான் பல்கலைக்கழகத்தை முடித்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட. இரண்டாம் வாரமே எனக்குச் சராசரிப் பைத்தியம் பிடித்துவிட்டது. தம்பி ஒரு நாளைக்கு எத்தனை பொய் சொல்கிறான் என்று ஒரு கிழமை எண்ணிப் பார்த்தேன். நான்கு தசம் மூன்று. "நான் பொய்யே சொல்லுறேல்லை" என்றான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு செய்முறை. ஏதாவது ஒரு பொருளில் ஐம்பதை மாதிரியாக எடுத்து, நிறுத்து, அதிலிருந்து முழுக் குவியலையும் பற்றிச் சொல்லவேண்டும். அதில் தேறினால்தான் அத்தாட்சிப் பத்திரம். எங்கள் கொட்டிலில் அந்தப் போகத்தில் விளைந்த வெங்காயம் பிடி பிடியாகக் கட்டிக் கிடந்தது. தோட்டக்காரரான என் அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைக் கேட்டதும் ஐயாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷப் புளுகம். மறுநாள் விடிய, ஐம்பது வெங்காயம் மண் துடைத்து, மினுக்கி, பையில் தயாராக இருந்தது. நானும் அவசரத்தில் அப்படியே கொண்டுபோய் நிறுத்து, கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ரீச்சர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாத ஐம்பது நிறைகள்.

"பிள்ளை, உதென்ன, அச்சில வார்த்த வெங்காயமே? ஆர் தெரிஞ்செடுத்தது?"

"ஐயா."

நாற்பது பெடியன்களும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"நாளைக்குப் பின்னேரம்தான் கடைசி. தெரிஞ்செடுக்காமல் எடுத்துக்கொண்டு வாரும். இல்லாட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

வீட்டில் ஐயா துள்ளி எழும்பினார். "சோதினைக்குப் போற வெங்காயமடி! சூம்பலையும் சொத்தியையும் கொண்டுபோய்க் காட்டினா எங்கடை தோட்டத்தைப் பற்றி அந்த ரீச்சர்ப் பிள்ளை என்ன நினைக்கும்?"

"நல்லதை மட்டும் காட்டினா நான் டொக்டரா வர ஏலாது, ஐயா!" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது.

ஐயா போய்ப் பிடிகளை இறக்கி வைத்தார். பிடிகளுக்கெல்லாம் இலக்கம் போட்டு, அந்த இலக்கங்கள் எழுதிய கடதாசித் துண்டுகளைப் பால்மாத் தகரப் பேணியில் போட்டுக் குலுக்கினோம். அம்மா துண்டு எடுப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பிடியிலிருந்து ஒன்றைப் பிய்ப்பேன். சின்னது வந்த ஒவ்வொரு தடவையும் ஐயாவின் முகம் பல்லுப் பிடுங்குவது போலக் கோணியது. முப்பத்தேழாவதாக வந்தது பாதி வற்றிய, கோணல் வெங்காயம்.

"உதை மட்டும் விடு, பிள்ளை."

"விட ஏலாது, ஐயா."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் அடக்க முடியவில்லை. ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்தநாள் ரீச்சர் ஐம்பது நிறைகளையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துவிட்டு அந்த இடத்திலேயே கையெழுத்து வைத்தார். சைக்கிளில் இரண்டு கையையும் விட்டுப் பாடிக்கொண்டே வந்தேன். ஒரு ஆட்டுக்குட்டி மயிரிழையில் தப்பியது.

ரீச்சருக்குக் கொடுக்கச் சொல்லி ஐயா ஒரு பிடி வெங்காயம் கட்டித் தந்தார். தன் வாழ்நாளில் ஒருவருக்கும் சூம்பல் வெங்காயம் கொடுத்தறியாத மனிதர். பெரிய வெங்காயங்களுக்கு நடுவே மூன்று பொடியும் ஒரு கோணலும் இருந்தன.

"இதென்ன, ஐயா?"

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எல்லாத்தையும் பெரிசாக் குடுத்து, அந்தப் பிள்ளை திரும்பவும் சந்தேகப்பட்டு, வைச்ச கையெழுத்தை அழிச்சுப்போட்டா?"