அப்பாவின் பத்து வாக்கியங்கள்

என் அப்பா முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். டிப்போவில் அவருக்கு 'மைக் செட்' என்று பெயர். முன் படிக்கட்டில் நின்று அவர் "உள்ள போங்க" என்றால் பின்னால் வரும் பஸ்ஸிலும் ஆட்கள் நகருவார்களாம். அவ்வளவு குரலையும் ரோட்டிலேயே செலவழித்துவிட்டு வீட்டுக்கு வருவார். வீட்டில் அதிகபட்சம் ஒரு "ம்". அம்மா அந்த "ம்"முடனேயே காலம் தள்ளியவள்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் பார்க்கின்சன் வந்தது. கை நடுங்கியதைப் பார்த்துப் பயந்தோம். குரல் தேய்ந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்த நோயில் ஒரு கொடுமை உண்டு. மெதுவாகப் பேசுகிறோம் என்பது பேசுகிறவருக்கே தெரியாது. "வாயைத் திறந்து சொல்லுங்களேன்" என்று அம்மா எரிந்து விழுவாள். "கத்திட்டுத்தானே இருக்கேன்" என்பார் அப்பா. அதுவும் அவள் காதில் விழாது.

ஆஸ்பத்திரியில் ஒரு டேப்லெட் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள். தினமும் காலையில் அதன் முன் உட்கார்ந்து 'ஆ' என்று நீட்டிச் சொல்ல வேண்டும். பிறகு பத்து வாக்கியங்கள். குரல் உயர்ந்தால் திரையில் ஒரு கோடு ஏறிப் பச்சையாகும். 'மிக நன்று' என்று ஒரு பெண் குரல் பாராட்டும். வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி தரும் பெண் அதே திரையில் வந்து சொல்லிக் கொடுப்பார். அந்த நேரம் நான் ஆபீஸில் இருப்பேன், அம்மா சமையலறையில்.

அப்பா ஒரு நாளும் தவறவில்லை. டியூட்டிக்குக் கிளம்புவதுபோல் சட்டை மாற்றி, தலை சீவிக்கொண்டு உட்காருவார்.

"சாப்பிட்டியா?"

"முழங்கால் வலி எப்படி இருக்கு?"

"வேலை கெடக்கட்டும், கொஞ்ச நேரம் இங்க வந்து உக்காரு."

"என் மேல கோவமா?"

இப்படிப் பத்து. ஒவ்வொன்றும் சொல்லி முடித்துவிட்டு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். கழுத்து இறுகிவிட்டதால் உடம்போடு திரும்ப வேண்டும். லீவு நாட்களில் நானும் பார்த்திருக்கிறேன். என் மர மண்டைக்கு எதுவும் உறைக்கவில்லை.

அம்மா மிக்ஸியைக்கூட நிறுத்த மாட்டாள். "நாப்பது வருஷத்துல என்னை ஒரு நாள் சாப்பிட்டியான்னு கேட்டதில்ல. இப்ப அந்தக் கண்ணாடிப் பலகையை எப்படிக் கேக்கறார் பாருடி!" என்பாள். நாங்கள் இருவரும் சிரிப்போம்.

பத்து மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் சாப்பாடு புரையேறி, அது நுரையீரல் காய்ச்சலாகி, இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்தபோது உதடு மட்டும்தான் அசைந்தது.

டேப்லெட்டைத் திருப்பித் தருவதற்கு முந்தின நாள் பயிற்சிப் பெண் கடைசியாகத் திரையில் வந்தார். "வருத்தமா இருக்கும்மா. இத்தனை மாசம் குரல் தாக்குப்பிடிச்சதே பெரிசு. நீங்க விடாம பதில் சொன்னதாலதான்."

"நான் என்ன பதில் சொன்னேன்?" என்றாள் அம்மா.

"அந்தப் பத்து வாக்கியத்துக்கு."

"அது மெஷின் பாடம்தானே?"

"இல்லம்மா. வீட்ல யார்கிட்ட என்ன பேச ஆசைன்னு நாங்க கேப்போம். அவங்களே எழுதணும். பத்தும் என் வீட்டுக்காரிக்குன்னார். நீங்க பதில் சொல்லணும், அதான் பயிற்சியே. வீட்ல நானே சொல்லிடறேன்னாரே?"

சொல்லியிருப்பார். கத்தித்தான் சொல்லியிருப்பார்.

அழைப்பு முடிந்தது. திரையில் பயிற்சிப் பக்கம் திறந்தே இருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. பத்து மாதம் கேட்டுக் கேட்டு வரிசை மனப்பாடமாகியிருந்தது.

"சாப்பிட்டேங்க."

உதடு மறுபடி அசைந்தது.

"வலி பரவாயில்லைங்க."

"இதோ, வந்து உக்காந்துட்டேன் பாருங்க."

நாலாவதற்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீடே அதிரக் கத்தினாள்: "இல்லங்க! கோவமே இல்லங்க!"

கோடு சரசரவென்று ஏறிப் பச்சையானது.

'மிக நன்று' என்றது டேப்லெட்.