முதலில் கதவைத் தட்டுகிறவர்

வக்கீல் என்று தெரிந்ததும் எங்கள் ஆட்கள் கேட்பது விசா எடுத்துத் தருவீர்களா, வீடு வாங்க எழுதித் தருவீர்களா என்பதுதான். இரண்டும் எனக்குத் தெரியாது என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். சிட்னியின் மெரிலேண்ட்ஸில் எங்கள் தெருவில் இருக்கும் அன்ரி ஒருவர் இன்றைக்கும் என்னை அரைகுறை வக்கீல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் படித்ததும் பிழைத்ததும் ஐரோப்பியப் போட்டிச் சட்டத்திலும் வணிகச் சட்டத்திலும். பெல்ஜியத்தில் பல வருடம் வேலை செய்துவிட்டுக் கணவரின் வேலைக்காகச் சிட்னிக்கு வந்தவள். இப்போது பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் இருந்துகொண்டு, ஐரோப்பாவுக்கு இறைச்சியும் வைனும் அனுப்புகிறவர்களுக்கு அந்த ஊர்ச் சட்டத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை.

என் தொழிலின் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே வியாபாரம் செய்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டே ஆகவேண்டும். இரகசியமாகக் கூடி விலையை ஒன்றாக வைப்பதும், வாடிக்கையாளர்களைப் பங்கு பிரித்துக்கொள்வதும் குற்றம். இப்படிப்பட்ட கூட்டுகளை வெளியில் இருந்து பிடிப்பது கஷ்டம். அதனால் அரசாங்கங்கள் ஒரு தூண்டில் போட்டு வைத்திருக்கின்றன. கூட்டில் இருந்தவர்களில் யார் முதலில் வந்து கதவைத் தட்டி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாரோ அவருக்கு முழு மன்னிப்பு. இரண்டாவதாக வருகிறவருக்குத் தண்டனையில் ஏதோ கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பெல்ஜியத்தில் என் பிழைப்பே இந்தக் கதவுதான். பெரிய பெரிய கம்பனி முதலாளிகள் முகம் வெளுத்து என் முன்னால் கதிரையில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன்: நீங்கள் போகாவிட்டால் மற்றவர் போவார், ஆகவே இன்றைக்கே போங்கள். ஒருவராவது பொறுத்திருந்ததை நான் பார்த்ததில்லை. ஒருமுறை எங்களுக்குப் பின்னால் வந்த கம்பனியின் வக்கீல் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் உள்ளே போய்விட்டோம். அன்று பின்னேரம் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, நன்றாகவும் செய்தேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரக் கம்பனிகளின் கதை என்றுதான் இருந்தேன், அண்ணன் அந்தக் கதிரைக்கு வரும்வரை.

என் அண்ணன் மெல்பேர்னில் இருக்கிறார். இலங்கையிலிருந்து அரிசிமா, கருவாடு, தேங்காய்ப்பால் எல்லாம் இறக்கித் தமிழ்க் கடைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். அவருடைய நெருங்கிய கூட்டாளிக்கும் அதே தொழில். இருவரும் ஒரே காலத்தில் வந்து, ஓர் அறையில் படுத்து, ஒரு களஞ்சியத்தில் மூட்டை தூக்கியவர்கள். தனித்தனியாக வியாபாரம் தொடங்கியதும் பிடித்தது சனியன். ஒருவர் கடைக்கு மற்றவர் போய் விலையைக் குறைப்பதும், அதைக் கேட்டு இவர் போய் இன்னும் குறைப்பதுமாக, கடைசியில் ஒரு கலியாண வீட்டில் சட்டையைப் பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. தெரிந்தவர்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு நகருக்கு வெளியே மலையடிவாரத்தில் த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போனார்கள். அங்கே கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். மெல்பேர்னின் நடுவே ஓடும் யாரா ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக் கடைகள் அண்ணனுக்கு, அந்தப் பக்கம் கூட்டாளிக்கு. ஒருவன் வயிற்றில் ஒருவன் அடிப்பதில்லை.

இது எனக்குத் தெரியவந்தது அந்தக் கூட்டாளியின் புது வீட்டுக் குடிபூரலில். சாப்பாட்டுத் தட்டோடு நின்ற என்னிடம், கூட்டாளியின் தோளில் கை போட்டபடி அண்ணன் பெருமையாகச் சொன்னார்.

"பத்து வருசமா ஒரு சண்டை இல்லைப் பிள்ளை. அவன்ர கடைக்காரர் என்னட்டை வந்தாலும் நான் குடுக்க மாட்டன். உங்கட ஐரோப்பாக் கம்பனியளிட்டை இப்பிடி ஒரு ஒற்றுமை இருக்கோ?"

குற்றவாளிகள் குற்றத்தை மறைக்கப் பாடுபடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பாயசத்தோடு பரிமாறுகிற குற்றவாளிகளை அன்றுதான் கண்டேன்.

"அண்ணா, இது சட்டப்படி குற்றம். இஞ்ச ஆக்களை மறியல்ல அடைச்சே வைக்கலாம். உடன நிப்பாட்டுங்கோ" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். "தங்கச்சிக்கு எங்கயும் கேஸ்தான் தெரியுது" என்றார் கூட்டாளி. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அவர்களுடைய ஒற்றுமையில் நசுங்கியது ஒரு சின்னக் கடைக்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கடை போட்டவர். கூட்டாளி சொன்ன விலை கட்டுப்படியாகாமல் அண்ணனிடம் வந்து கேட்டிருக்கிறார். "நீங்கள் அவற்ற ஆள், அவரிட்டையே போங்கோ" என்று அண்ணன் மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த மனிதர் அதன்பிறகு ஒரு வருடம்கூடக் கடையை நடத்தவில்லை. பூட்டும்போது அண்ணனைத் தேடி வந்து, உங்கள் இரண்டு பேரையும் பற்றிப் போட்டி ஆணையத்துக்கு முறைப்பாடு செய்துவிட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அண்ணன் இதைத் தொலைபேசியில் ஒரு பகிடி போலச் சிரித்துச் சொன்னார். அன்றைக்கே மெல்பேர்னில் தெரிந்த ஒரு வக்கீலைப் பிடித்தேன். முதல் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்க வேண்டும், அண்ணன் வந்து சம்மதம் சொன்னால் ஒரு அழைப்பில் அதைப் பிடித்துவிடலாம் என்றார் அவர். விமானம் ஏறிப் போனேன். குசினி மேசையில் அண்ணனையும் அண்ணியையும் உட்கார வைத்துக் கரடியாய்க் கத்தினேன்.

"அவனைக் காட்டிக் குடுக்கச் சொல்லுறியோ?" என்று அண்ணன் கேட்டார்.

"உங்களைக் காப்பாற்றச் சொல்லுறன். நீங்கள் போகாட்டி அவர் போவார்."

"அவன் போக மாட்டான்."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை அண்ணா. எல்லாரும் போறவை."

அண்ணி அழுதார். பிள்ளைகளின் படிப்பைச் சொல்லி அழுதார், மறியல் என்ற சொல்லைச் சொல்லி அழுதார். அந்த அழுகைக்குத்தான் அண்ணன் இறங்கினார், என் வாதத்துக்கு இல்லை. வெள்ளிக்கிழமை வக்கீலிடம் போவதென்று முடிவாகியது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். பிள்ளையாருக்கு முன்னால் செய்த சத்தியத்தைப் பிள்ளையாரிடம் சொல்லாமல் முறிக்க மாட்டாராம். முதலில் த பேசின், பிறகுதான் வக்கீல். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் கோயிலுக்குப் போகாதே என்று எந்த வாயால் சொல்வது? போகலாம், ஆனால் ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது என்றேன். ஓம் என்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. மலையடிவாரம் முழுக்க ஈரமும் குளிரும். பூசை முடிந்து அண்ணன் நெடுநேரம் கண்மூடி நின்றார். காருக்கு வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"விடியவே ஃபோன் எடுத்து அவனிட்டைச் சொல்லிப்போட்டன்."

"எவரிட்டை?"

"அவனிட்டைத்தான். ரெண்டு பேரும் சேர்ந்து செய்த சத்தியம். ஒருத்தன் முறிக்கிறதெண்டால் மற்றவனுக்குச் சொல்லிப்போட்டுத்தானே முறிக்க வேணும். களவா முறிச்சால் அது குடும்பத்தைப் பிடிக்கும்."

"அண்ணா! அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. சரி மச்சான், கும்பிட்டிட்டு வா எண்டவன்."

நான் அங்கேயே வக்கீலுக்கு எடுத்தேன். காத்திருக்க வேண்டாம், இப்போதே ஆணையத்தை அழையுங்கள் என்றேன். அவர் திரும்ப எடுப்பதற்குள் கார்க் கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சு படிந்துவிட்டது. முதல் இடம் போய்விட்டது என்றார். இன்று காலையில்தான் யாரோ பிடித்திருக்கிறார்கள், யாரென்று சொல்ல மாட்டார்களாம். யாரென்று எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணன் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அழுததை நான் என் வாழ்க்கையில் முதன்முறை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் சட்டம் போகும் பாதையில் போனது. அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனையைத் தீர்மானிக்கும் விசாரணையில் கூட்டாளி முழு மன்னிப்போடு வந்து அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஒரு சொல் பொய் இல்லை. கற்பூரம் அடித்ததைக்கூட விடாமல் சொன்னார். நீதிபதிக்கு அதை மொழிபெயர்த்தவர் கொஞ்சம் திணறிப்போனார். அண்ணன் மறியலுக்குப் போனார், நீண்ட காலம் இல்லை என்று சொல்லி எல்லாரும் அவரைத் தேற்றினார்கள். களஞ்சியம் கைமாறிவிட்டது. இனி ஒரு கம்பனியை நடத்த அவருக்கு அனுமதி இல்லை.

சாட்சி சொல்லி முடிந்த அன்று கூட்டாளி என்னை நீதிமன்ற நடையில் மறித்தார். அடிக்க வேண்டும்போல இருந்தது.

"தங்கச்சி, நான் முறிக்கேல்லை. அவன் முறிக்கப்போறன் எண்டு சொன்னாப்பிறகு அங்க என்ன சத்தியம் இருக்கு? ஃபோனை வைச்சிட்டு நான் குழறி அழுதனான். என்ர மகள்தான் வக்கீலுக்கு எடுத்தவள்" என்றார்.

நான் அவரைத் தாண்டி நடந்தேன். வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் என்னையும் உள்ளே வைத்திருப்பார்கள்.

அண்ணன் வெளியே வந்தபிறகு ஒருமுறை மெல்பேர்ன் போயிருந்தேன். அண்ணி எனக்குத் தேநீர் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குள் போய்விட்டார். அண்ணன் மெலிந்திருந்தார். வேலை எப்படி என்று கேட்டேன். யாருடையதோ களஞ்சியத்தில் இரவு வேலை, பழையபடி மூட்டைதான் என்றார். பிறகு கோபம் துளியும் இல்லாமல் கேட்டார்.

"பிள்ளை, நீ அண்டைக்கு வராமல் விட்டிருந்தால், நான் போயிருக்க மாட்டன். நான் போகாட்டி அவன் போயிருப்பானோ?"

போயிருப்பார், எல்லாரும் போவார்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்ல முடியவில்லை. வழக்கு முடிந்த பிறகு வக்கீல் எனக்குச் சொன்ன ஒரு விஷயம் குறுக்கே வந்து நின்றது. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆணையத்தின் கையில் இருந்தது கடை பூட்டிய ஒரு மனிதரின் வாய்ச்சொல் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு அவர்களால் ஒரு அடி நகர்ந்திருக்க முடியாதாம். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கோப்பை மூடி வைத்திருப்பார்கள். பத்து வருடம் சத்தியத்தைக் காத்த அந்த இருவரும் அதற்குப் பிறகும் காத்திருப்பார்களா? எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

"தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார்.

சிட்னிக்குத் திரும்பிய அடுத்த கிழமை பரமட்டா அலுவலகத்துக்கு ஒரு இறைச்சி ஏற்றுமதியாளர் வந்தார். ஐரோப்பாவில் வேறொரு கம்பனியோடு பேசி வைத்த விலை. அந்தக் கம்பனியின் முதலாளி தன்னுடைய கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் என்றார். முகம் வெளுத்திருந்தது. அந்தத் தோழர் போய்ச் சொல்லிவிடுவாரா, நிச்சயமாகவா, என்று என்னிடம் கேட்டார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போவார், இன்றைக்கே முந்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி, தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.