அந்த ஒரு ‘ஆ’

பம்பரம் டீச்சருக்கு நிற்கத் தெரியும், பிடிக்காது, அவ்வளவுதான். டீயை நடந்துகொண்டே குடிப்பார். அடுத்தவர் பேச்சைப் பாதியில் பிடுங்கித் தானே முடித்துவைப்பார், பெரும்பாலும் தப்பாக. லிஃப்ட் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தினால் லிஃப்ட் வராது என்பது அவர் கண்ட விஞ்ஞானம். இப்பேர்ப்பட்டவரைக் காத்திருப்பதற்கென்றே சம்பளம் கொடுக்கும் வேலையில் கொண்டுபோய் வைத்தது யார் என்றால், யாருமில்லை. பிரசவ விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாகத் தற்காலிகமாகச் சேர்ந்தார். போனவர் திரும்பவில்லை. தற்காலிகம் தலை நரைக்கும்வரை நீண்டுவிட்டது.

இடத்தின் பெயர், ‘மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஆரம்பநிலைக் கண்டறிதல் மற்றும் இடையீட்டுச் சேவை மையம்’. பலகையைப் படித்து முடிப்பதற்குள் குழந்தை ஆரம்பநிலையைத் தாண்டிவிடும் என்பதால் அக்கம்பக்கத்தார் ‘சின்னப்புள்ள சென்டர்’ என்று சுருக்கிவிட்டார்கள். காலையில் அங்கே வேலை. மதியத்துக்கு மேல் வீடு வீடாகப் போக வேண்டும். தோள்பையில் சோப்புக் குமிழி ஊதும் புட்டி, டார்ச், கைக்கண்ணாடி, ஒரு கால் இல்லாத பொம்மை. உட்கார வராத குழந்தையைக் கண்டால் வீட்டிலிருக்கும் துண்டுகளைச் சுருட்டி, இடுப்புக்கு இரு புறமும் முட்டுக்கொடுத்து, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் உட்காரவைத்துவிடுவார். கை வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. கையைக் கட்டிக்கொள்ளும் வேலையில்தான் தகராறு.

கணவர் பல்செட் செய்பவர். “வாய்க்குள்ள போறத நான் செய்றேன். வாய்லேருந்து வர்றத நீ செய்ற. என்னோடது பொருந்தலன்னா திருப்பிக் கொடுத்துடுவாங்க, நீ தப்பிச்சுக்குவ” என்பார். டீச்சர் அதற்குள் அடுத்த அறைக்குப் போயிருப்பார்.

குண்டூசி என்பது அந்தப் பெண் குழந்தைக்கு அவள் அப்பா வைத்த பெயர். அவ்வளவு ஒல்லி, அவ்வளவு கூர்மை. மூன்றரை வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செருப்பு ஒட்டுப்பட்டையைப் பிரித்துப் பிரித்து அந்தச் சத்தத்தைக் கேட்பதில் அவளுக்குச் சலிப்பே கிடையாது. அம்மா வீட்டிலேயே தையல் எந்திரம் வைத்திருந்தாள். அப்பா வேன் ஓட்டினார். தெருக்கோடியில் ஒரு நர்சரி. சாதாரணப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்தால் அவள் நிறையக் கற்றுக்கொள்வாள் என்று டீச்சர் அதன் மேடத்திடம் நடையாய் நடந்திருந்தார். மேடம் கடைசியில் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு.

“பாட வேணாம், ஆட வேணாம், பேர் சொல்ல வேணாம். தண்ணி, பாத்ரூம், இந்த ரெண்டையும் வாயால கேக்கணும். என்கிட்ட ஒரு ஆயாதான் இருக்கா டீச்சர். அத்தனை புள்ளைங்க மனசுக்குள்ளயும் பூந்து பாக்க அவளால முடியாது.”

நியாயம்தான். விடுமுறை முடிந்து நர்சரி திறப்பதற்குள் அது வர வேண்டும். வராவிட்டால் இன்னொரு வருடம் எந்திரத்துக்குப் பக்கத்தில். இந்த வயதில் ஒரு வருடம் என்பது பெரியவர்களின் ஒரு வருடம் இல்லை. அம்மாவுக்கு அது தெரியும். அதனால்தான் டீச்சர் படியேறும் சத்தம் கேட்டதுமே மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவாள்.

டீச்சர் ஆரம்பித்தார். தண்ணீர்த் தம்ளரைக் குழந்தையின் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு, “தண்ணி வேணுமா? வேணுமா கண்ணு? சீக்கிரம் சொல்லு, சீக்கிரம் சொல்லு.” கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்பது அவர் படித்த பாடம். பயிற்சிக்கு வருகிற புதியவர்களுக்கு அவரே அதை எடுத்துச் சொல்லுவார், மிக வேகமாக.

ஆனாலும் பேச்சு வந்தது. ஒருநாள் குண்டூசி எந்திரத்தருகே வந்து நின்று, தெள்ளத் தெளிவாக, “தண்ணி வேணுமா?” என்றாள். அம்மா நூலைக்கூட அறுக்காமல் எழுந்து ஓடித் தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் “பாத்ரூம் போகணுமா?” கூட்டிக்கொண்டு போனாள். வீடு கொண்டாடியது. குழந்தைக்கு என்ன வேண்டும் என்பது அம்மாவுக்குப் புரிந்தது, அம்மா செய்தாள், இதில் என்ன குறை? அந்தக் கடைசி ‘ஆ’ யாருக்கும் காதில் விழவில்லை. டீச்சருக்குமே. “ரெடி” என்று அவர் நர்சரிக்கே போய்ச் சொல்லிவிட்டார்.

மேடத்தின் அறையில் சோதனை. அம்மாவும் டீச்சரும் வெளியே பெஞ்சில். குண்டூசி கொஞ்ச நேரம் செருப்போடு இருந்தாள். பிறகு எழுந்து மேடத்தின் நாற்காலியருகே போனாள். ஒரு காலோடு ஒரு காலைப் பின்னிக்கொண்டு கேட்டாள்.

“பாத்ரூம் போகணுமா?”

மேடம் நெகிழ்ந்துபோனார். “இல்லம்மா, நான் இப்பத்தான் போயிட்டு வந்தேன்.”

“பாத்ரூம் போகணுமா? சீக்கிரம் சொல்லு, சீக்கிரம் சொல்லு.”

“வேணாம் தங்கம். எவ்வளவு அக்கறை பாரு.”

அதற்கப்புறம் நடந்ததை ஆயா துடைத்தாள்.

டீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அது குழந்தையின் குரல்தான். ஆனால் அந்த இழுப்பு, அந்த அவசரம், கடைசி ‘சொல்லு’வில் மேலே ஏறும் அந்தச் சுருதி, எல்லாம் யாருடையது என்று தெரிய அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வருவதற்கு முன் பெரியவர்கள் போடும் சத்தம் ‘தண்ணி வேணுமா’. ஆகவே தண்ணீர் வரவழைக்க அந்தச் சத்தத்தைப் போட வேண்டும். குண்டூசியின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ‘வேணும்’ என்று ஒருத்தர்கூட அவளிடம் சொன்னதே இல்லையே.

“இன்னொரு வாய்ப்பு கொடுங்க” என்றார் டீச்சர்.

“திறக்குறதுக்கு முந்தின வாரம் கூட்டிட்டு வாங்க. அதுக்கு மேல என்னால இடத்தப் பிடிச்சு வைக்க முடியாது.”

வீட்டு வாசலில் அம்மா சொன்னாள்: “அவ கேட்டா டீச்சர். கேட்டும் கெடைக்கல. இனிமே கேப்பாளா?”

வழக்கமாக இப்படிப்பட்ட கேள்வியைப் பாதியிலேயே முடித்துவைக்கும் டீச்சர் அன்று அதை முழுசாகக் கேட்டார்.

மறுநாள் முதல் அந்த வீட்டில் கேள்விக்குத் தடை. குழந்தையிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. தம்ளரைக் காட்ட வேண்டும், வாயை மூட வேண்டும். அம்மா குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் வாயாகத் தானே இருந்து “தண்ணி வேணும்” என்று மெல்லச் சொல்ல வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். சட்டம் போட்ட பிறகுதான் தெரிந்தது, கேள்வியில்லாமல் குழந்தையோடு பேசப் பெரியவர்களுக்கு வராது என்று.

அப்பா வேனிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். “குண்டூசி, சாப்ட்டியா?”

“ஏங்க.”

“சரி சரி. குண்டூசி, நீ சாப்ட்டிருப்பேன்னு நெனைக்கிறேன்.”

“கோர்ட்ல பேசற மாதிரி இருக்கு.”

“வேற எப்படித்தான் பேசறது?”

“இதுவும் கேள்வி.”

“இது உன்கிட்ட கேட்டது. உனக்குமா தடை?”

டீச்சர் பாடுதான் பெரும்பாடு. தம்ளரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார், வாய் மூடியிருக்கும், கால் கட்டைவிரல் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். குண்டூசி தம்ளரைப் பார்ப்பாள், விசிறியைப் பார்ப்பாள், அந்தக் கட்டைவிரலைப் பார்ப்பாள். கட்டைவிரலில் அவளுக்கு ஆர்வம் அதிகம் என்பதால் டீச்சர் காலின் மேல் பையைத் தூக்கி வைத்துக்கொண்டார். “தண்ணி வேணும்” ஒருநாள் வரும். அடுத்த நாள் பழைய ‘ஆ’ வந்து ஒட்டிக்கொள்ளும். சில நாள் எதுவுமே வராது, தம்ளரைத் தட்டிவிட்டுப் போய்விடுவாள். வீட்டில் கணவரிடமும் கேள்வி கேட்காமல் பழகிப் பார்த்தார் டீச்சர். “உனக்கு உடம்பு சரியில்லையா?” என்று அவர் பயந்துபோனதால் அதை நிறுத்திவிட்டார்.

நர்சரி திறப்பதற்கு முந்தின வாரம். மேடத்தின் கையில் தம்ளர்.

“நான் எதுவும் கேக்கக் கூடாது. அதானே?” என்றார் மேடம்.

“அதேதான். பிடிச்சுக்கிட்டு சும்மா இருங்க. எவ்வளவு நேரமானாலும்.”

அம்மாவும் டீச்சரும் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைப் பார்ப்பது போன்ற கொடுமை வேறில்லை. குண்டூசி செருப்புப் பட்டையைப் பிரித்தாள், ஒட்டினாள். மேடத்தின் கை வலித்து மெல்லத் தாழ்ந்தது. குழந்தை எழுந்து கிட்டே போனாள். தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். வாய் திறந்தது, மூடியது. டீச்சரின் தொண்டையில் அந்தக் கேள்வி முழுசாக வந்து நின்றுவிட்டது. உதடு பிரிந்த கணத்தில் தையல்கார அம்மாவின் உள்ளங்கை அவர் வாயை அப்படியே பொத்தியது. இருவரும் அந்தக் கோலத்திலேயே நின்றார்கள்.

“தண்ணி” என்றாள் குண்டூசி. ரொம்ப நேரம் கழித்து, “வேணும்.”

‘ஆ’ வருகிறதா என்று மூன்று பெரியவர்களும் மூச்சைப் பிடித்தார்கள். வரவில்லை. மேடம் தம்ளரைக் கொடுத்தார். பாதியைக் குடித்துவிட்டு அவள் அதைத் திருப்பி நீட்டிச் சொன்னாள்.

“போதுமா?”

“போதும்மா” என்றார் மேடம், தன்னையறியாமல். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். “முழுசா வரல டீச்சர்.”

“வரல” என்று டீச்சர் ஒத்துக்கொண்டார்.

“பாத்ரூம் நான் இன்னும் பாக்கவே இல்ல.”

“இல்ல.”

மேடம் தம்ளரின் மிச்சத் தண்ணீரைச் செடியில் ஊற்றினார். “திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்கம்மா. ஒரு மாசம் பாப்போம். சரிப்பட்டா இருக்கட்டும், இல்லன்னா அடுத்த வருஷம். ஆனா டீச்சர், நீங்க மட்டும் இந்த ஜன்னல் பக்கம் வராதீங்க. அவளப் பாக்குறதா, உங்களப் பாக்குறதான்னு எனக்குத் தெரியல.”

திங்கட்கிழமை அம்மா விட்டுவிட்டு எந்திரத்துக்குத் திரும்பிவிட்டாள், தைக்கவேண்டியது கிடந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் போகவில்லை. ஜன்னலுக்கு எதிர்ப்புறம் இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார். அது யாருடைய சொத்தும் இல்லை. பேருந்து வந்தது, போனது. அடுத்ததில் ஏறினார், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து திரும்பி வந்தார். உள்ளிருந்து பிள்ளைகளின் கூச்சல். எது அவள் குரல் என்று பிரித்தெடுக்க முடியவில்லை. சென்டரில் வேறொரு குழந்தை இவருக்காகக் காத்திருக்கும் நேரம் நெருங்கியது.

ஆயா துடைப்பக்கட்டையோடு வாசலுக்கு வந்தாள். தெருவைத் தாண்டிக் கூப்பிட்டாள். “டீச்சர், பஸ் உங்களத் தாண்டித் தாண்டிப் போகுது.”

டீச்சர் சாலையைக் கடந்துவிட்டார். “அழுதாளா? தண்ணி கேட்டாளா? பாத்ரூம் சொன்னாளா? இல்ல பாவாடையிலயே...”

“என்னப் பேச விடுங்களேன்.”

டீச்சர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயை மூடினார்.

“மொதல்ல வந்து ‘பாத்ரூம் போகணும்’னா. கூட்டிட்டுப் போனேன். அப்புறம் வந்து ‘போகணுமா’ன்னா. மேடம் சொல்லியிருந்தாங்க, அதுக்கும் கூட்டிட்டுப் போனேன். மூணாவது தடவயும் நல்லாத்தான் கேட்டா, ‘போகணும்’னு.”

“அப்ப வந்துடுச்சு” என்றார் டீச்சர்.

“எங்க வந்துச்சு? போய் நின்னுக்கிட்டு ஒண்ணும் போகல. குழாயத் தொறந்து விட்டுக்கிட்டு வெளிய வரவே மாட்டேங்குறா. அங்கதான் இருக்கா இப்பவும்.”